வலது பக்க ஹெட்லைட்

கார்தெனாஸ், கியூபா
3 பிப்ரவரி 1997

அன்புத் தம்பி எலாதியோவுக்கு,

இந்தக் கடிதம் கைக்கு வரும்போது நீ காய்ச்சல் தலைவலி ஏதுமில்லாமல் இருக்க வேண்டும். கோப்ரே மாதா புண்ணியத்தில் நாங்கள் இருவரும் சுகம். உன் அத்தானுக்கு இருமல் விட்டுவிட்டது, வாய் மட்டும் விடவில்லை.

முதலில் நல்ல செய்தி. ஹவானா ஆஸ்பத்திரியிலிருந்து அழைப்பு வந்துவிட்டது. ஜூனில் அளவெடுப்பார்கள், அக்டோபரில் செயற்கைக் காலைப் பொருத்துவார்கள். காலை ஏழு மணிக்கு அங்கே வரிசையில் இருக்க வேண்டும். தவறினால் அடுத்த வருஷம்தான். மூன்று வருஷமாக ஊன்றுகோலோடு மல்லுக்கட்டுகிற மனிதர், அந்தக் காகிதத்தை வாங்கி முத்தம் கொடுத்தார். எனக்கு அப்படிக் கொடுத்தே நாளாயிற்று.

கெட்ட செய்தி நம் கார், கிளிதான். பெயிண்ட் இன்னும் பச்சையாகத்தான் இருக்கிறது. ஆனால் அப்பா வாங்கிய செவர்லேக்கு நாற்பத்தைந்து வயது, அந்த ஆறு வோல்ட் இனி போதாது. ஈரமான காலையில் சாவியைத் திருப்பினால் ஒரு முனகல், அதோடு சரி. ஹெட்லைட்டைச் சொல்லவே வேண்டாம், இரண்டு மெழுகுவத்தி. போன வாரம் மின்வெட்டில் வந்துகொண்டிருந்தேன். முன்னால் போன குதிரை வண்டி பத்தடி நெருங்கிய பிறகுதான் கண்ணில் பட்டது. நான் பிரேக்கை மிதித்த மிதியில் உன் அத்தான் டாஷ்போர்டில் முட்டிக்கொண்டார். "அடிப்பாவி, மிச்சமிருக்கிற ஒரு காலையும் எடுத்துடலாம்னு பார்க்கிறியா?" என்று சிரித்தார். மீதி வழியை நான் நடை வேகத்தில்தான் ஓட்டினேன்.

அதனால் முடிவு செய்துவிட்டேன். கிளியைப் பன்னிரண்டு வோல்ட்டுக்கு மாற்றப் போகிறேன். எதிர்வீட்டு சிப்ரியானோவிடம் லாடா காரில் கழற்றிய ஆல்டர்னேட்டர் ஒன்று இருக்கிறது. அவர் டெலிவிஷனை நான் சரி செய்து கொடுத்தேன், அதற்குப் பதிலாக அதைத் தருகிறார். பாட்டரி, இக்னிஷன் காயில் எல்லாம் சொல்லி வைத்தாயிற்று. ஹெட்லைட்தான் இங்கே கிடைக்காது. நீ வேலை செய்வதே கார் பாகங்கள் விற்கும் கடையில். பன்னிரண்டு வோல்ட் ஹெட்லைட் ஒரு ஜோடி, இந்தப் பக்கம் வருகிறவர்கள் யாரிடமாவது கொடுத்து அனுப்பு.

தொண்ணூற்று மூன்று டிசம்பரில், "ரமீரோ இன்னும் வேலை விட்டு வரல, போய்ப் பாருடா" என்று உன்னை இந்த வண்டியில்தான் அனுப்பினேன். எந்த லாரிக்காரனோ சைக்கிளோடு இடித்துத் தள்ளிவிட்டுப் போன மனிதரை, அந்த இருட்டில் நீதான் கண்டுபிடித்து அள்ளி வந்தாய். ஆஸ்பத்திரி கேட் தூணில் வலது ஹெட்லைட் சிதற மோதினாயே, அந்த அவசரத்தை இந்தத் தெரு இன்னும் பேசுகிறது. இன்னும் அரை மணி தாமதித்திருந்தால் உயிர் இல்லை, கால் மணி முன்னால் வந்திருந்தால் காலும் இருந்திருக்கும் என்றார் டாக்டர். உயிரை நீ கொண்டுவந்து சேர்த்தாய். எனக்கு அது போதும்.

அத்தான் உனக்கு ஆயிரம் முத்தம் சொல்லச் சொன்னார்.

உன் அக்கா
நெரெய்தா


ஹயாலியா, அமெரிக்கா
20 ஏப்ரல் 1997

அன்பு அக்காவுக்கு,

உன்னையும் அத்தானையும் நோய்நொடி அண்டாமல் இருக்கட்டும். நான் சுகம். கடையில் வேலை அதிகம், அதனால்தான் பதில் எழுத இவ்வளவு நாள்.

பன்னிரண்டு வோல்ட் யோசனையை விட்டுவிடு. வண்டி அப்பா விட்டுப்போனபடியே இருக்கட்டும். நாற்பத்தைந்து வருஷம் ஆறில் ஓடியது, இன்னும் ஓடும். டாஷ்போர்டு கடிகாரம் எரிந்துபோகும். அதற்கு மாற்று இங்கேயே கிடையாது. முக்கியமாக வலது ஹெட்லைட்டைத் தொடாதே. கேட்டில் இடித்த பிறகு நான் அவசரத்தில் பொருத்தியது. திருகெல்லாம் துருப்பிடித்து இறுகியிருக்கும், கழற்றினால் மட்கார்டே பிளந்துவிடும். ஹெட்லைட் உட்காரும் கிண்ணத்தையும் வெளியே எடுக்காதே.

ஹவானா போக வாடகை வண்டி பிடித்துக்கொள், அதற்கு நான் அனுப்புகிறேன். இருட்டில் நீ ஓட்டாதே. அவ்வளவுதான்.

இங்கே நல்ல மழை.

தம்பி
எலாதியோ


கார்தெனாஸ்
5 மே 1997

அன்புத் தம்பிக்கு,

நீ சுகம் என்று எழுதியிருந்தாய், சந்தோஷம். இங்கேயும் சுகம்தான், உன் கடிதம் வரும்வரை.

நம் வீட்டுச் சட்டம் உனக்குத் தெரியும். கடிதம் வந்தால் முற்றத்தில் காபியோடு உட்கார்ந்து, முதல் எழுத்திலிருந்து கடைசி முத்தம் வரை நான் உரக்கப் படிக்க வேண்டும். விபத்துக்குப் பிறகு அவருக்கு வலது கையில் மூன்று விரல் மடங்காது என்பதால் பதில் எழுதுவதும் என் தலையில்தான். படித்தேன். ஹெட்லைட் வந்த இடத்தில் உன் அத்தான் கப்பைக் கீழே வைத்துவிட்டார்.

"என் காலைப் பத்தி ஒரு வரி இல்ல, ஹெட்லைட்டைப் பத்தி அஞ்சு வரி! ஏன், உள்ள புதையல் வச்சிருக்கானா?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. திகைத்துப்போனேன். இந்தத் தெருவில் எந்த மின்விசிறி மூச்சை விட்டாலும் என் மேஜைக்குத்தான் வருகிறது. எனக்கு நீ வயர் பாடம் நடத்துகிறாயா? கடிகாரத்துக்கு மட்டும் ஒரு ரெசிஸ்டர் வைத்துப் பழைய ஆறு வோல்ட்டையே கொடுத்துவிடுவேன். ஒரு நிமிடம்கூடப் பிசகாமல் ஓடிக்கொண்டிருக்கும், கவலைப்படாதே.

அப்பாவை ஏன் நடுவில் இழுக்கிறாய் என்றும் தெரியவில்லை. அவர் இருந்திருந்தால் முதல் ஆளாக ஸ்பானரை எடுத்துக் கொடுத்திருப்பார்.

இருட்டில் ஓட்டாதே என்கிறாய். ஏழு மணிக்கு ஹவானாவில் நிற்க வேண்டுமானால் இருட்டில் கிளம்பாமல் எப்படி? உன் அத்தான் சைக்கிளுக்குப் பின்னால் நான் மாட்டிய தகர மூடி நினைவிருக்கிறதா? பால் டின் மூடி. ஆணியால் புள்ளி புள்ளியாகக் குத்தி அவர் பெயரின் முதல் எழுத்தைப் போட்டு, மேலே என் சிவப்பு நகப்பூச்சைப் பூசினேன். பின்னால் வருகிற வண்டியின் வெளிச்சம் பட்டால் பளிச்சென்று தெரியும் என்றுதான் செய்தேன். அதில் படுகிற அளவுக்கு எந்த வண்டியில் வெளிச்சம் இருந்தது, சொல்லு.

இரண்டு ஹெட்லைட். அனுப்பிவிடு, கண்ணா.

அக்கா


ஹயாலியா
8 ஜூன் 1997

அன்பு அக்காவுக்கு,

எல்லாரும் நலம்தானே. அத்தானின் கால் எப்படி இருக்கிறது? கேட்கவில்லை என்றாராம், கேட்கிறேன்.

இதைக் கொண்டுவரும் அம்மாளிடம் ஹெட்லைட் கொடுத்திருக்கிறேன். ஒன்றுதான் கிடைத்தது. இடது பக்கம் போட்டுக்கொள். வலது பக்கத்துக்குப் பிறகு பார்க்கலாம். அதுவரை அதை அப்படியே விட்டுவை, அக்கா. தயவுசெய்து.

எலாதியோ


கார்தெனாஸ்
24 ஜூன் 1997

என் புத்திசாலித் தம்பிக்கு,

நீ சுகமாக இருக்கிறாயா என்று இந்தத் தடவை உண்மையாகவே கேட்கிறேன். தலையில் ஏதும் அடிபட்டதா?

பெட்டியைப் பிரித்தேன். ஒன்று. காகிதத்தையெல்லாம் உதறிப் பார்த்தேன். ஒன்றேதான்! கார் பாகக் கடையில் வேலை செய்கிறவன், ஒரு கண் பன்னிரண்டு, ஒரு கண் ஆறு என்று வண்டி ஓட்டச் சொல்கிறான். பழைய ஆறு வோல்ட் ஹெட்லைட் பன்னிரண்டில் ஒரு நிமிடத்தில் புகைந்துவிடும் என்று உனக்குத் தெரியாதா? சிப்ரியானோ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார். "அமெரிக்காவுல இப்ப எல்லா வண்டியும் ஒத்தக் கண்ணுலதான் ஓடுதா?" என்கிறார். உன் அத்தான்தான் உனக்குப் பரிந்து வந்தார். "விடுய்யா. ஒத்தக் கால்காரனுக்கு ஒத்தக் கண்ணு வண்டி, பொருத்தம் பார்த்துத்தான் அனுப்பியிருக்கான்."

போகட்டும். சிப்ரியானோ ஒரு டிராக்டர் பட்டறையில் இன்னொன்றைப் பிடித்துவிட்டார். போன வாரம் ஹவானாவில் அளவெடுத்தாயிற்று. ரயிலில் போக ஒன்பது மணி நேரம், உட்கார இடமில்லை. முதல் நாளே போய் ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் படுத்திருந்தோம். திரும்பி வரும்போது அவர் ஊன்றுகோல் பட்ட இடத்தில் அக்குள் இரத்தம் கட்டிப்போயிருந்தது. அக்டோபர் இரண்டாம் தேதி கால் தருகிறார்கள். அன்றைக்கு அவரைக் கிளியில்தான் கூட்டிப்போவேன், யார் தடுத்தாலும்.

இந்த ஞாயிறு வேலையைத் தொடங்குகிறேன். எங்களுக்காக ஒரு மெழுகுவத்தி ஏற்று, ஆறு வோல்ட்டாக இருந்தாலும் பரவாயில்லை.

அன்புடன் அக்கா


கார்தெனாஸ்
30 ஜூன் 1997

எலாதியோ,

நேற்று ஞாயிறு. பத்து மணிக்கெல்லாம் டைனமோ இறங்கி ஆல்டர்னேட்டர் ஏறிவிட்டது. இடது ஹெட்லைட்டும் முடிந்தது. அப்புறம் வலது பக்கம் போனேன்.

நீ சொன்ன துரு எங்கேயும் இல்லை. நாலு திருகும் வெண்ணெயில் செருகியது மாதிரி கழன்றன. வயர் மாற்ற வேண்டும் என்று கிண்ணத்தையும் வெளியே இழுத்தேன். உள்ளே மட்கார்டு தகரம் நெளிந்து, சுத்தியலால் தட்டி எடுத்த தழும்போடு இருந்தது. வயரைத் தேடிக் கையை விட்டேன். எதுவோ விரலைக் கிழித்தது. பிடித்து இழுத்தேன்.

தகர மூடி. இரண்டாக மடிந்திருந்தது. சிவப்பு.

பிரித்துப் பார்த்தேன். நான் குத்திய புள்ளிகள், எலாதியோ. நான் குத்திய எழுத்து.

"என்ன அது?" என்றார் சிப்ரியானோ. "தகரம்" என்றேன். முற்றத்தில் உட்கார்ந்திருந்த உன் அத்தான் அங்கிருந்தே, "புதையல் கிடைச்சுதாடி?" என்று கத்தினார். மூடியை ஏப்ரன் பைக்குள் போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டேன். ஏன் முகம் வெளுத்திருக்கிறது என்று கேட்டார்கள். வெயில் என்றேன்.

நீ சைக்கிளை வண்டியில் ஏற்றி வரவில்லை. அது பள்ளத்தில் கிடந்தது, மறுநாள் போலீஸ்தான் எடுத்து வந்தது. இந்த மூடி மட்டும் அதில் இல்லை. இரண்டு நாள் அந்த ரோட்டோரம் பைத்தியக்காரி மாதிரி தேடினேன். நீயும் கூட வந்து குனிந்து குனிந்து தேடினாயே! கரும்புக் கட்டையெல்லாம் விலக்கிப் பார்த்தாயே!

ஆஸ்பத்திரி கேட் தூணில் சைக்கிள் மூடி ஏது?

வேறு காரணம் இருக்கிறது என்று எழுது. என்ன எழுதினாலும் நம்புகிறேன். எழுது.

நெரெய்தா


கார்தெனாஸ்
18 ஆகஸ்ட் 1997

எலாதியோ,

நீ சுகமா என்று கேட்கக் கை வரவில்லை. ஆனாலும் கேட்கிறேன்.

ஏழு வாரம் ஆயிற்று. அங்கிருந்து மூன்று பேர் வந்தார்கள். ஒருத்தி சோப்பு கொண்டுவந்தாள், ஒருவர் மருந்து. உன் கடிதம் யாரிடமும் இல்லை. "பாவம், வேலை ஜாஸ்தியா இருக்கும்" என்று உன் அத்தான் எனக்குச் சமாதானம் சொல்கிறார். அவர் எனக்கு!

வண்டி முடிந்துவிட்டது. சாவியைத் தொட்டால் போதும், பிடித்துக்கொள்கிறது. நேற்று சாயங்காலம் மின்வெட்டில் ஹெட்லைட்டைப் போட்டுப் பார்த்தோம். தெருக்கோடியில் இருக்கிற மாமரத்தில் இலை இலையாகத் தெரிந்தது. பக்கத்து வீட்டுக்காரர்களெல்லாம் வந்து கைதட்டினார்கள். உன் அத்தான் ஊன்றுகோலைத் தூக்கி ஆட்டினார். அப்புறம் என்னைப் பார்த்து மெதுவாக, "அன்னிக்கு அந்த லாரிக்காரனுக்கு இப்படி ஒரு வெளிச்சம் இருந்திருந்தா, பாவம், அவனும் பார்த்திருப்பான்" என்றார்.

நான் எழுந்து உள்ளே போய்விட்டேன்.

இருபது வருஷக் கல்யாணத்தில் அவரிடம் மறைத்தது இது ஒன்றுதான். போன கடிதத்தையும் இதையும் அவருக்குப் படித்துக் காட்டாமல் அனுப்புகிறேன். என்னால் இன்னும் ரொம்ப நாள் முடியாது.

நெரெய்தா


ஹயாலியா
10 செப்டம்பர் 1997

அக்கா,

எத்தனை தடவை எழுதிக் கிழித்தேன் என்று எனக்கே தெரியாது. இதை நீ தனியாக இருக்கும்போது படி. படித்துவிட்டு எரித்துவிடு.

லாரி எதுவும் இல்லை. நான்தான்.

போகும்போது அவரைப் பார்க்காமலே கடந்துவிட்டேன். அவர் வேலை செய்த ஹோட்டல் வாசலில் "அவர் கிளம்பி ரொம்ப நேரமாச்சே" என்றார்கள். பயந்துபோய் வேகமாகத் திரும்பினேன். மின்வெட்டு. சத்தம் கேட்ட பிறகுதான் அங்கே ஆள் இருந்தது தெரிந்தது. ஓடிப்போய்ப் புரட்டினால் அத்தான் முகம். அவருக்கு நினைவில்லை. தூக்கிப் பின் சீட்டில் போட்டேன். கால் இருந்த நிலையை நான் எழுத மாட்டேன்.

ஆஸ்பத்திரி கேட்டில் ஒரு போலீஸ்காரன் டார்ச் வைத்துக்கொண்டு காவலாளியோடு பேசிக்கொண்டிருந்தான். என் ஹெட்லைட் உடைந்திருந்தது. பார்த்தால் கேட்பான். பக்கத்துச் சந்தில் விளக்கை அணைத்து நிறுத்தி, அவன் போகும்வரை கொஞ்ச நேரம் காத்திருந்தேன். அப்புறம் வந்து தூணில் வேண்டுமென்றே மோதினேன். ஹெட்லைட் உடைந்ததற்கு எல்லார் கண்ணுக்கும் ஒரு காரணம் வேண்டுமே. எல்லாரும் ஓடிவந்தார்கள். யாரோ என்னைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். நீ வந்து என் கையை எடுத்து முத்தமிட்டாய். அதற்கப்புறம் எந்த வாயால் சொல்வேன்?

மட்கார்டுக்குள் சைக்கிள் பெயிண்ட் ஒட்டியிருக்குமே என்றுதான் பயந்துகொண்டிருந்தேன். மூடி அங்கே இருந்தது எனக்குத் தெரியாது, சத்தியமாக. அடுத்த ஆகஸ்டில் இங்கே வரக் கட்டுமரம் ஏறினேனே, அது பசிக்காக இல்லை. தினமும் அவர் என்னைப் பார்த்து நன்றி சொன்னார், அக்கா. தினமும்.

அத்தானிடம் சொல்லாதே. உன் காலில் விழுந்து கேட்கிறேன். இருட்டு. ஆறு வோல்ட். யார் ஓட்டியிருந்தாலும் இடித்திருப்பார்கள்.

எலாதியோ


கார்தெனாஸ்
6 அக்டோபர் 1997

எலாதியோவுக்கு,

எழுதுகிற கை உன் அக்காவுடையது. சொல்வது நான், ரமீரோ. நான் சுகம். நின்றுகொண்டு சொல்கிறேன், இரண்டு காலில்.

உன் கடிதம் வந்த அன்று உன் அக்கா அதை அடுக்களையில் தனியாகப் படித்துவிட்டு, முற்றத்துக்கு வந்து எனக்குப் படிக்க ஆரம்பித்தாள். "அன்பு அத்தானுக்கு முத்தங்கள், இங்கே நல்ல மழை..." இத்தனை வருஷத்தில் நீ எனக்கு முதல் வரியில் முத்தம் கொடுத்ததே இல்லை. "நெரெய்தா, அதுல எழுதியிருக்கறதைப் படி" என்றேன். "வேண்டாங்க" என்றாள். "படி" என்றேன். படித்தாள், கடைசிவரை. முடிந்ததும் அந்தத் தகர மூடியைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள். நான் இன்னொரு தடவை படிக்கச் சொன்னேன். அன்றைக்கு அடுப்பு பற்றவைக்கவில்லை.

இரண்டாம் தேதி கிளியில் ஹவானா போனோம். வழியெல்லாம் நான் தூங்கவில்லை. ஒவ்வொரு சைக்கிளும் நூறு மீட்டருக்கு முன்னாலேயே தெரிந்தது. ஒரு சைக்கிளில் அப்பன் முன்னால், பிள்ளை பின்னால். பிள்ளை திரும்பிப் பார்த்துக் கையாட்டியதுகூடத் தெரிந்தது. உன் அக்கா வேலையில் கெட்டிக்காரி. கால் கொஞ்சம் கடிக்கிறது, பழகிவிடும் என்கிறார்கள்.

நீ இடித்ததற்காக எனக்குக் கோபமில்லை. முதல் நாள் இருந்தது. அப்புறம் போய்விட்டது. அந்த ரோட்டில், அந்த வருஷத்தில், அந்த விளக்கோடு, நான் ஓட்டி வந்து நீ சைக்கிளில் போயிருந்தாலும் அதுதான் நடந்திருக்கும். இதை மனசாரச் சொல்கிறேன்.

ஆனால் உன் கடிதத்தில் "கொஞ்ச நேரம்" என்று எழுதியிருக்கிறாய். டாக்டர் சொன்ன கால் மணியை நான் இத்தனை வருஷமும் மறக்கவில்லை. பெயர் தெரியாத ஒரு லாரிக்காரனை அதற்காகத் தினமும் திட்டினேன். இப்போது எனக்குத் தூக்கம் வராமல் செய்வது அந்த இரண்டு வார்த்தைதான். சந்தில், விளக்கை அணைத்துவிட்டு, பின் சீட்டில் என்னைப் போட்டுக்கொண்டு நீ காத்திருந்தது எவ்வளவு நேரம்? கிளியின் கடிகாரம் உன் முன்னால் இருந்தது. அது நின்றதே இல்லை. இன்றைக்கும் பழைய ஆறு வோல்ட்டில் ஓடுகிறது.

மன்னிப்புக் கேட்காதே. எதுவும் அனுப்பாதே. நேரத்தை மட்டும் எழுது.

ரமீரோ

அவர் சொன்னதில் ஒரு சொல்லைக் கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை. நெரெய்தா.


ஹயாலியா
21 டிசம்பர் 1997

அத்தானுக்கு,

சந்தில் நிறுத்தியபோது ஏழு ஐம்பது. தூணில் மோதியபோது எட்டு பத்து.

நினைவில்லை என்று எழுதியது பொய். நடுவில் நீங்கள் ஒரு தடவை கண் விழித்து, "யாருப்பா அது? கொஞ்சம் தண்ணி கொடு" என்று கேட்டீர்கள். குரலை வைத்து என்னை அடையாளம் கண்டுவிடுவீர்கள் என்று நான் பேசாமல் இருந்தேன்.

எலாதியோ